ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்

குடியானவன் கடன்பட்டால் அவன் நிலம் போகும். வணிகன் கடன்பட்டால் அவன் கடை போகும். ஓர் அரசே கடன்பட்டுத் தீர்க்க மாட்டாமல் நின்றால் எது போகும்? இக்கேள்விக்கு ஏட்டிலே விடை தேட வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் நாட்டின் தென்பகுதியிலேயே இதற்கு விடை எழுதப்பட்டது. கருநாடகத்து நவாப் முகமதலி வாலாஜாவின் கடன்களைப் பற்றி இன்று நாம் சிறிது ஆராய்வோம். கருநாடகம் என்று அந்நாளில் வழங்கியது இன்றைய கருநாடக மாநிலம் அன்று. நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரையில் கீழைக் கடற்கரையை ஒட்டிப் பரந்து கிடந்த நாடு அது. ஆர்க்காடு அதன் தலைநகரம்.

1749ஆம் ஆண்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் மாண்டார். அவருடைய மகன் முகமதலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகலடைந்தார். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபை ஆதரித்தனர். ஆங்கிலக் கும்பினியார் முகமதலியை ஆதரித்தனர். கிளைவு 1751இல் ஆர்க்காட்டைக் கைப்பற்றியதும், அடுத்த ஆண்டில் சந்தா சாகிபு கொல்லப்பட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆனால் பாடநூல்கள் பெரும்பாலும் கூறாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தப் போர்களின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதுதான் அது. கும்பினியார் தம் வணிகத்தையும் தம் ஆதிக்கத்தையும் காக்கவே பிரெஞ்சுக்காரரோடு பொருதனர். செலவையோ நவாபின் பெயரில் பற்று எழுதினர். நவாபுக்காகத்தானே போரிட்டோம் என்பது அவர்கள் வாதம். புதுச்சேரி முற்றுகையின் செலவுகூட அவர் தலையிலேயே விழுந்தது. 1763இல் பாரிசு உடன்படிக்கை முகமதலியைக் கருநாடகத்தின் உண்மையான நவாப் என்று ஒப்புக்கொண்டபோது, அவர் பெயரளவில் ஒரு நாட்டின் அதிபதி. கணக்குப் புத்தகத்திலோ பெருங் கடனாளி.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நவாபின் கடன் ஒன்றன்று, இரண்டு. முதலாவது, அவர் கும்பினிக்குச் செலுத்த வேண்டியது. கும்பினியின் தவணை தவறினால் அவர் நாட்டைக் காக்கும் படை அவரையே நெருக்கும். ஆகவே தவணை நாள் நெருங்கியதும் அவர் பணத்துக்குப் பறந்தார். அப்போது அவருக்குக் கடன் கொடுக்க முன்வந்தவர் யார்? அதே கும்பினியின் ஊழியர்கள்! சென்னைக் கோட்டையில் ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெற்ற எழுத்தர்களும், ஆலோசனைச் சபை உறுப்பினர்களும், படைத்தலைவர்களும் தங்கள் பெயரிலும் தங்கள் துபாஷிகள் பெயரிலும் நவாபுக்குக் கடன் கொடுத்தனர். அதாவது, ஒரு கையால் நவாபுக்குக் கொடுத்து மறு கையால் கும்பினிக்காக வாங்கிக்கொண்டனர். இடையிலே வட்டி மட்டும் நின்று வளர்ந்தது. நூற்றுக்கு 20, 25 என்ற அளவில் வட்டி ஓடிற்று. பணமே கைமாறாமல் பத்திரம் மட்டும் கைமாறிய கடன்களும் உண்டு. வட்டி கட்டாததற்கு ஒரு பத்திரம், அந்தப் பத்திரத்தின் வட்டிக்கு மற்றொரு பத்திரம் என்று எழுதப்பட்டவை எத்தனையோ! சபையில் ஒரு வாக்கைப் பெறுவதற்காக நவாப் வலிந்து எழுதிக் கொடுத்தவையும் அவற்றுள் கலந்திருந்தன.

நவாபைச் சூதறியாத பேதை என்று எண்ணிவிடலாகாது. அவர் மிகவும் சாதுரியமானவர். ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்கே வந்து, கடற்கரையை நோக்கிச் சேப்பாக்கத்தில் 1768ஆம் ஆண்டையொட்டி ஓர் அரண்மனை எழுப்பி, கோட்டைக்கு அருகிலேயே குடியிருந்தார். இலண்டனுக்குத் தம் முகவர்களை அனுப்பி அமைச்சர்களிடம் காரியம் பார்த்தார். அவ்வாறு முதலில் போனவருள் ஒருவரான ஜான் மக்பர்சன் பிற்காலத்தில் கவர்னர் ஜெனரல் பதவியிலேயே அமர்ந்தார் என்றால் நவாபின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பது விளங்கும். தமக்குக் கடன் கொடுத்தவர் தம்மை அழிய விடமாட்டார், அழிந்தால் அவர்கள் பணமும் அழியுமன்றோ என்பது அவர் கணக்கு. கணக்கு ஓரளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் குடிகளுக்கு ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை.

1767ஆம் ஆண்டில் பழைய கடன்களை எல்லாம் ஒன்று சேர்த்து, வட்டியை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தனர். அப்போது தொகை 8 இலட்சத்து 80 ஆயிரம் பவுன் என்று கணக்கிடப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1777இல், இரண்டு புதிய கடன்கள் தலைகாட்டின. ஒன்று குதிரைப்படைக் கடன். செலவைக் குறைக்க நவாபின் குதிரைப்படையில் ஒரு பகுதியைக் கலைக்க வேண்டும் என்று கும்பினியார் வற்புறுத்தினர். கலைப்பதற்கு முன் சம்பள பாக்கியைக் கொடுக்க வேண்டும், பணம் இல்லை. ஆங்கிலேயர் மூவர் 1 இலட்சத்து 60 ஆயிரம் பவுன் தருவதாக ஒப்பி, ஈடாகச் சில நாட்டுப் பகுதிகளின் வருவாயை எழுதி வாங்கிக்கொண்டனர். வருவாய் உடனே வசூலாகத் தொடங்கிற்று. வீரர்களுக்குச் சம்பளமோ நெடுங்காலம் எட்டவில்லை. வசூலித்த பணத்திலிருந்தே கடனைக் கொடுத்து, கொடுத்த கடனுக்கு வட்டியும் வாங்கும் விந்தை இது! மற்றொன்று 1777ஆம் ஆண்டின் தொகுப்புக் கடன். அது ஏறத்தாழ 24 இலட்சம் பவுன் என்று கடன்காரர் கூறினர். இவ்வளவு பெருந்தொகை சென்னைப்பட்டணத்தில் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று இலண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்களே வியந்தனர்.

நவாப் ஈடாகக் கொடுத்தது என்ன என்பதே நம் கதைக்கு உயிர்நிலை. 1991ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி ஈடு வைத்துக் கடன் பெற்றது. அது வேதனையான செயலாயினும் தங்கம் பேசாது, பசிக்காது. நவாப் ஈடு வைத்தது தங்கத்தை அன்று, ஊர்களை. இன்ன சீமையின் இவ்வாண்டு வரியை இன்னார் வசூலித்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் தன்கா என்று பெயர். அச்சீட்டைப் பெற்றவர் சவுகாராகவும் இருக்கலாம். கோட்டையில் எழுதுகோல் பிடித்த வெள்ளையராகவும் இருக்கலாம். அவருடைய ஆள் சீமைக்குப் போவான். அங்கே முன்பே ஒரு குத்தகைக்காரர் இருப்பார். அவர் பின்னால் நவாபின் அமில்தார் இருப்பார். மூவருக்கும் கொடுக்க வேண்டியவன் உழுதவன் ஒருவனே. குத்தகை அடுத்த ஆண்டு தன்னிடம் இருக்குமோ இராதோ என்று அறியாத குத்தகைக்காரன் இவ்வாண்டே கறந்துவிடப் பார்த்தான். மேல்வாரம் இவ்வளவு, குடிவாரம் இவ்வளவு என்ற பழைய ஊர்வழக்கு ஏட்டளவில் நின்றது. களத்தில் குவித்த நெல்லை அளந்து பிரிக்கும் வரையில் காவல் வைப்பார்கள். காவலுக்கும் குடியானவனே கூலி கொடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் முழு உருவமும் தஞ்சாவூரிலேதான் வெளிப்பட்டது. நவாபுக்குத் தஞ்சையின் மீது நெடுநாளாகக் கண். அந்நாட்டு அரசர் தமக்குத் திறை பாக்கி வைத்தார் என்று சொல்லிக் கும்பினிப் படையின் துணையோடு 1771இல் ஒரு முறை படையெடுத்தார். 1773இல் மறுமுறை எடுத்துத் தலைநகரையே பிடித்து, துளஜா மன்னரைச் சிறையிலிட்டார். காவிரி பாயும் நாட்டின் மூன்று ஆண்டு விளைவு நவாபின் கடன்காரர்களுக்கு வழி திறந்தது. இலண்டனில் இருந்த இயக்குநர்கள் இச்செயலை ஏற்கவில்லை. தஞ்சையை அதன் மன்னருக்குத் திருப்பித் தருமாறு ஆணையிட்டு, பிகட்டுப் பிரபுவைக் கவர்னராக அனுப்பினர். 1776 ஏப்ரலில் பிகட்டு தஞ்சைக்கு நேரிலே சென்று துளஜா மன்னரை அரியணையில் அமர்த்தினார்.

உடனே பால் பென்ஃபீல்டு என்பவர் எழுந்தார். இவர் 1764இல் கும்பினியின் சிறு ஊழியராகச் சென்னைக்கு வந்தவர். கோட்டைச் சுவர்களைக் கட்டும் ஒப்பந்தம் பெற்றுப் பொருள் சேர்த்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் இவரே என்று சொல்லுவர். தஞ்சை வருவாயின்மேல் நவாப் தமக்கு 1 இலட்சத்து 62 ஆயிரம் பவுனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும், தஞ்சைக் குடிகளுக்குத் தாம் தனியே 72 ஆயிரம் பவுன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடு வயலில் நிற்கும் பயிர் என்றும் அவர் உரிமை கொண்டாடினார். சில நூறு பவுன் சம்பளக்காரர் இரண்டேகால் இலட்சம் பவுனுக்கு மேல் கடன் கொடுத்திருக்கிறார்! சபை முதலில் இக்கோரிக்கையைத் தள்ளிற்று. பின்னர் அதே சபையின் பெரும்பான்மையினர் தம் முடிவை மாற்றிக்கொண்டனர். அவர்களிற் பலருக்கு நவாபின் கடனில் பங்கிருந்தது என்பதை நினைவு கூர்ந்தால் இம்மாற்றம் வியப்பளிக்காது.

பிகட்டு இணங்கவில்லை. அவரும் வெறுங்கையோடு வாழ்ந்தவர் அல்லர். முன்னொரு முறை கவர்னராக இருந்தபோது பெருஞ்செல்வம் ஈட்டிச் சென்றவர்தாம். எனினும் இம்முறை அவர் ஆணையைப் பிடிவாதமாகப் பற்றி நின்றார். தம்மை எதிர்த்த உறுப்பினர் சிலரைப் பதவியிலிருந்து நீக்கினார். 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் மாலை. படைத்தலைவர் ஸ்டூவர்ட்டு அன்று பிகட்டின் விருந்தினராக உண்டு, அவரோடு ஒரே வண்டியில் ஏறிப் புறப்பட்டார். வழியிலே சிப்பாய்கள் வண்டியை மறித்தனர். பக்கத்தில் அமர்ந்திருந்த விருந்தாளியின் ஏற்பாட்டின்படியே கவர்னர் கைது செய்யப்பட்டார். பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்ட அவர் 1777 மே மாதத்தில் காவலிலேயே இறந்தார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும் ஆணை இலண்டனிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடில்லை. இக்கலகத்தை நடத்திய நால்வருக்கு 1780இல் இலண்டன் நீதிமன்றம் விதித்த தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவர்கள் சேர்த்துக்கொண்டு போன பொருளுக்கு அது ஒரு சுங்கம் என்று கூறத் தோன்றுகிறது.

கடன் ஓர் அரசின் கருவூலத்தை மட்டுமன்றி, அதற்குக் கடன் கொடுத்தவர்களின் ஆட்சியையும் அரித்துவிட்டது. 1780 ஜூலையில் ஐதர் அலி மலைக்கணவாய்களைக் கடந்து கருநாடகத்தில் இறங்கியபோது எதிர்த்து நிற்க ஆயத்தமாக எதுவும் இல்லை. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, மக்கள் சென்னைக்கு ஓடிவந்தனர், தொடர்ந்து பஞ்சம். 1782இல் சென்னையில் பஞ்சம் பட்டோருக்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு, இன்றும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு மக்கள் இட்டு வழங்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயரில் வாழ்கிறது.

1781இல் கவர்னராக வந்த மக்கார்ட்னி பிரபு அவ்வாண்டு டிசம்பரில் நவாபிடமிருந்து கருநாடக வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுகளுக்குக் கும்பினியின் பொறுப்பில் எழுதி வாங்கினார். ஆறில் ஒரு பங்கு நவாபின் சொந்தச் செலவுக்கு. இடையில் நின்ற தன்காக்காரர் விலக்கப்பட்டதும், பாழான அதே நாட்டிலிருந்து முன்னைவிட ஒழுங்காகப் பணம் வந்தது. இதிலிருந்து நாம் ஊகிக்கத் தக்கது ஒன்று உண்டு: குடிகள் கொடுக்காமல் இருந்ததில்லை, கொடுத்தது வழியிலே மறைந்தது.

கடன்காரர்கள் வாளாவிருப்பார்களா? பென்ஃபீல்டு இங்கிலாந்து சென்று 1780இல் பாராளுமன்ற உறுப்பினராகவே ஆகிவிட்டார். அவருடைய பணத்தால் பாராளுமன்றத்தில் எட்டுப் பேர் அமர்ந்தனர் என்று எட்மண்டு பர்க் குற்றஞ்சாட்டினார். 1784இல் நிறைவேறிய இந்தியச் சட்டம், நவாபின் கடன்களின் தோற்றத்தையும் நியாயத்தையும் விசாரிக்குமாறு தெளிவாகவே கூறிற்று. ஆனால் அச்சட்டத்தால் அமைந்த கட்டுப்பாட்டு வாரியத்தில் ஓங்கி நின்ற டண்டாசு, விசாரணை ஏதுமின்றி மூன்று கடன்களையும் ஏற்று, கருநாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகனைக் கடன்காரருக்கென ஒதுக்குமாறு ஆணையிட்டார். இது 4 இலட்சத்து 80 ஆயிரம் பவுன். இயக்குநர்கள் மறுத்துரைத்தும் பயனில்லை. வருவாய் நிர்வாகம் நவாபிடமே திரும்பிற்று. மக்கார்ட்னி 1785இல் பதவி துறந்து சென்றார்.

அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பர்க் காமன்ஸ் சபையில் இதைப்பற்றி ஆற்றிய உரை ஆங்கிலப் பேச்சுக்கலையின் பெரும் படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அவர் நடுநிலையாளர் என்று நாம் கூற இயலாது. அவருடைய நெருங்கிய உறவினராக வாழ்ந்த வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் இலண்டன் முகவர். எனினும் அவர் உரையில் நம் உள்ளத்தைத் தொடும் ஒரு பகுதி உண்டு. கும்பினியின் செங்கற்பட்டுச் சாகீரைப் பர்னார்டு என்ற அளவையாளர் படமாக வரைந்திருந்தார். அப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அயர்லாந்தில் பிறந்து இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத அம்மனிதர் அதிலுள்ள ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணினாராம். ஆயிரத்து நூறுக்கு மேல் இருந்தன. இரண்டு மூன்று ஏக்கர் குளம் முதல் ஐந்து மைல் சுற்றளவுள்ள பேரேரி வரையில் அவற்றுள் அடங்கும். இவற்றை வெட்டியவர் பண்டைய அரசர்களும் ஊரார்களும். பின்வரும் தலைமுறைகளுக்காக வெட்டினர். இவற்றின் கரையைச் செப்பனிட, மதகைப் பழுதுபார்க்க டண்டாசின் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று அவர் கேட்டார். கடன்காரருக்குத் தொகை குறித்திருந்தது, ஏரிக்குக் குறிக்கவில்லை.

ஏரியைப் பற்றி நம்மவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. செங்கற்பட்டுச் சீமையில் காவிரியைப்போல் வளமான ஆறு கிடையாது. மழைநீரைத் தேக்கி வைத்தால்தான் நெல். ஊர் விளைச்சலில் ஒரு பகுதியை ஏரிக்கென்று எடுத்து வைப்பதும், குடிகள் கூடிக் கரைக்கு மண் போடுவதும் வழிவழி வந்த முறை. களத்திலே நெல் முழுவதும் தன்காக்காரன் காவலில் கிடக்கும்போது ஏரிப் பங்கை யார் எடுப்பார்? ஊரைவிட்டு ஓடிப்போனவர் மண் போட வருவாரா? ஒரு மதகு உடைந்தால் அவ்வாண்டு விளைவு போகும். மறு ஆண்டு வரி குறையும். குறைந்த வரிக்கு ஈடாகப் புதுக்கடன். கடன் ஏரியைத் தின்றது. ஏரி போனதால் கடன் வளர்ந்தது.

பர்க் ஆதரித்த தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் தோற்றது. கடன்காரர் பணம் பெற்றனர். 1787இலும் 1792இலும் நவாபோடு புதிய உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 1792ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி அவர் கும்பினிப் படைக்காக 9 இலட்சம் வராகனும், கடன்காரருக்காக 6 இலட்சம் வராகனுக்குச் சற்று மேலும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அத்துடன் பாளையக்காரர்களின் திறையை நவாபின் பெயரால் கும்பினியாரே நேரில் தண்டும் உரிமையும் கைமாறிற்று. கிஸ்து என்ற சொல்லுக்குத் தவணை என்பதே பொருள். பாஞ்சாலங்குறிச்சிக்குக் கலெக்டர் ஜாக்சன் 1798இல் எழுதிய கடுமையான கடிதங்களுக்கும், 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதற்கும் பின்னால் வேறு பல காரணங்களும் உண்டு. எனினும் திறை கேட்கும் உரிமை சென்னைக் கோட்டைக்கு எவ்வாறு வந்தது என்று பின்னோக்கிச் சென்றால், சேப்பாக்கத்தில் எழுதப்பட்ட பத்திரங்களிலேதான் கொண்டுபோய் விடுகிறது.

முகமதலி 1795இல் காலமானார். அவருக்குப் பின் அவர் மகன் உம்தத்துல் உமரா. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், திப்புவோடு நவாப் குடும்பத்தார் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தனர் என்று வெல்லெஸ்லி குற்றஞ்சுமத்தினார். 1801 ஜூலையில் உம்தத்துல் உமரா இறந்த சில நாட்களுக்குள் கருநாடகம் முழுவதும் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. புதிய நவாபுக்கு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மிஞ்சின. தஞ்சை அதற்கு இரண்டாண்டு முன்பே அவ்வழி சென்றிருந்தது.

ஆட்சி முடிந்தும் கடன் முடியவில்லை. 1784ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் அடங்காத கோரிக்கைகள் என்று புதிய பத்திரங்கள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. அவற்றை ஆராய 1805இல் இலண்டனில் ஓர் ஆணையம் அமைந்தது. சென்னையில் சாட்சிகள் விசாரிக்கப்பட்டன. இம்முறைதான் பத்திரங்களை உண்மையிலே பிரித்துப் பார்த்தனர். நவாபின் முத்திரையைப் போலியாக இட்டவை, ஒரே தொகைக்குப் பலமுறை எழுதியவை எனப் பல வகை அகப்பட்டன. ஆணையம் கால் நூற்றாண்டு உழைத்தது. கோரப்பட்ட தொகை 3 கோடிப் பவுனுக்கு மேல். நியாயமானது என்று ஏற்கப்பட்டது ஏறத்தாழ 27 இலட்சம் பவுன். பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1784இல் விசாரணையின்றி ஏற்கப்பட்டவற்றை இப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பென்ஃபீல்டு தாம் சேர்த்ததை எல்லாம் இழந்து 1810இல் பாரிசு நகரில் வறியவராக இறந்தார். கடைசிப் பட்டத்து நவாப் 1855இல் மகப்பேறின்றி மறைந்ததும் டல்ஹௌசி அப்பட்டத்தையே நீக்கினார். சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. பின்னர் அங்கே வருவாய் வாரியத்தாரும், ஏரிகளையும் மதகுகளையும் கவனிக்கும் பொதுப்பணித் துறையாரும் தம் அலுவலகங்களை அமைத்துக்கொண்டனர்.